மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு வேகஸ் நரம்புத் தூண்டல் கருவி: யோசிப்பதிலிருந்து பேட்டரி மாற்றுவது வரை

"இனி வி.என்.எஸ். (வேகஸ் நரம்புத் தூண்டல்) கருவியைப் பற்றி யோசிக்கலாம்" என்று மருத்துவர் சொன்னதும் எல்லா வீட்டிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதை வைத்தால் ஃபிட்ஸ் நின்றுவிடுமா? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு முழுசாக நிற்காது, குறையும். எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அது தெரியவரவே ஒன்றிரண்டு வருடம் ஆகும். மாத்திரையும் தொடரும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிற குடும்பத்துக்கு இந்தக் கருவி நல்ல துணை. ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி இறங்குகிறவர்கள் மூன்றாம் மாதமே மனம் உடைந்துபோகிறார்கள். பலருக்கு அப்போதுதான் பலனே தலைகாட்டத் தொடங்கியிருக்கும்.

உடலுக்குள் வைக்கும் நரம்புத் தூண்டல் கருவிகளில் வலிப்புக்காக உலகத்தில் அதிகம் பயன்படுவது இந்த வேகஸ் நரம்புத் தூண்டல்தான். அதனால் அதையே விரிவாக எழுதுகிறேன். மற்ற இரண்டைப் பற்றி நடுவில் வருகிறது.

கருவி என்ன செய்கிறது

மூளையிலிருந்து கிளம்பி, கழுத்தில் ரத்தக்குழாயை ஒட்டி இறங்கி, இதயம், நுரையீரல், குடல் வரை போகிற நரம்பு வேகஸ். மூளையிலிருந்து உடலுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பு என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் எதிர்த்திசையில், உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. கழுத்தில் அந்த நரம்பைச் சின்ன மின்துடிப்பால் தூண்டினால், மூளைத்தண்டு வழியாக மூளையின் பல பகுதிகளுக்கு அது போய்ச் சேரும். அங்கே நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் லோகஸ் செருலியஸ் என்ற சின்னப் பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. எலிகளில் அந்தப் பகுதியைச் சிதைத்துவிட்டுத் தூண்டிப் பார்த்தபோது, வலிப்பை அடக்கும் பலன் காணாமல் போனது.

யோசனை பழையது. 1880களில் நியூயார்க் நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் கார்னிங், கழுத்து ரத்தக்குழாயை அழுத்தும் ஒரு கவை மாதிரியான கருவியோடு மின்தூண்டலையும் சேர்த்து வலிப்பை நிறுத்தப் பார்த்தார். அது எடுபடவில்லை. 1938ல் பெய்லியும் பிரெமரும் பூனைகளின் வேகஸ் நரம்பைத் தூண்டினால் மூளையின் மின்னலைகள் மாறுவதைக் காட்டினார்கள். 1980களில் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக்கப் சபாரா, நாய்களில் இதே வழியில் வலிப்பை நிறுத்திக் காட்டினார். 1988ல் வட கரோலினாவில் முதல் மனிதருக்குக் கருவி பொருத்தப்பட்டது. ஐரோப்பா 1994ல் அனுமதித்தது. அமெரிக்கா 1997ல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதித்து, 2017ல் அந்த வரம்பை 4 வயதுக்கு இறக்கியது.

பேஸ்மேக்கர் பார்த்திருப்பீர்கள். தோற்றத்தில் இதுவும் அப்படித்தான் இருக்கும். இடது மார்பில் தோலுக்கடியில் தட்டையான ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கழுத்துக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பி. மூளையில் யாரும் கை வைப்பதில்லை. இதைக் கேட்டதும்தான் பல பெற்றோருக்குப் பாதி பயம் போகிறது.

முதல் படி: மருந்துக்கு அடங்கவில்லை என்பது உண்மைதானா?

சரியாகத் தேர்ந்தெடுத்த, உடம்புக்கு ஒத்துக்கொண்ட இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. உலக வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் 2010ல் கொடுத்த வரையறை இது. இரண்டு மருந்தோடு ஏன் நிறுத்தினார்கள் என்றால், மூன்றாவது நான்காவது மருந்தில் நிற்பதற்கான வாய்ப்பு அவ்வளவு குறைவு. 2000ல் ஸ்காட்லாந்தில் க்வானும் பிராடியும் வெளியிட்ட ஆய்வில் முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் இன்னும் 13 சதவீதம். மூன்றாவதோ, இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தோ நின்றவர்கள் வெறும் 4 சதவீதம்.

இந்த வரையறையில் "சரியாகத் தேர்ந்தெடுத்த" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சிலவகை வலிப்புக்குச் சில மருந்துகள் எதிராகவே வேலை செய்யும். பதின்வயதில் காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுத்து, டம்ளரைத் தவறவிடுகிற பிள்ளைகள் உண்டு. ஜுவனைல் மயோக்ளோனிக் என்று சொல்லும் அந்த வகைக்குக் கார்பமசெபினோ ஃபெனிடாயினோ கொடுத்தால் இழுப்பு கூடலாம். மருந்தை மாற்றினாலே அடங்கக்கூடிய வலிப்புக்குக் கருவி தேவையில்லை.

இன்னொன்று, வந்துபோகிற எல்லா இழுப்பும் வலிப்பு நோய் இல்லை. மன அழுத்தத்திலிருந்து வரும் இழுப்பு பார்க்க அப்படியே வலிப்பு மாதிரி இருக்கும். இதயத்துடிப்புக் கோளாறில் மயங்கி விழுபவருக்கும் கை கால் வெட்டும். இதைப் பிரித்துக் காட்டுவது வீடியோ இ.இ.ஜி. சில நாள் மருத்துவமனையில் தங்கவைத்து, தலையில் ஒயர்களோடு கேமரா முன் வைத்து, வலிப்பு வரும்போது மூளையின் மின்னலைகளையும் உடல் அசைவையும் ஒன்றாகப் பதிவு செய்வார்கள். இந்தச் சோதனை நடக்காமல் ஒருவர் உங்களுக்குக் கருவி வைக்கச் சொன்னால், அதை முதலில் எடுத்துவிட்டு வருகிறோம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வலிப்பு கிளம்பும் இடத்தையே எடுக்க முடியுமா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கருவிக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, மூளையில் வலிப்பு ஓர் இடத்திலிருந்து கிளம்புகிறதா, அந்த இடத்தைப் பாதுகாப்பாக எடுக்க முடியுமா என்பதுதான். முடியும் என்றால் பலன் எங்கேயோ போய்விடும். 2001ல் கனடாவில் 80 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பொட்டு மடல் (நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் இருக்கும் மூளைப் பகுதி) அறுவை சிகிச்சையும் மறு பாதிக்கு மருந்து மட்டுமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் நினைவு தப்பும் வலிப்பு நின்றவர்கள் அறுவை சிகிச்சைப் பக்கம் 58 சதவீதம், மருந்துப் பக்கம் 8 சதவீதம். வலிப்பை முழுசாக நிறுத்துவதில் கருவி எதுவும் இந்த 58க்குப் பக்கத்தில் வராது.

"மூளை ஆபரேஷன்" என்ற சொல்லே பயம் தருகிறது. அதனால் மார்பில் வைக்கும் கருவியே போதும் என்று குடும்பம் ஒதுங்குவது புரிகிறது. ஆனால் நம் ஊருக்கு இது புதிய வேலை இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1952லேயே இந்தியாவின் முதல் வலிப்பு அறுவை சிகிச்சையைச் செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலிப்பு நோய்க்கென்றே ஆர். மாதவன் நாயர் மையம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் இரண்டிலும் இந்த அறுவை சிகிச்சை வழக்கமாக நடக்கிறது. இப்படிப்பட்ட ஒரு மையத்தில் எம்.ஆர்.ஐ., வீடியோ இ.இ.ஜி. இரண்டையும் நரம்பியல் மருத்துவரும் நரம்பு அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, "இவருக்கு எடுக்க முடியாது" என்று சொன்ன பிறகு கருவிக்கு வருவதுதான் முறை.

அப்படியானால் கருவி யாருக்கு? வலிப்பு பல இடங்களிலிருந்து கிளம்புகிறவர்கள், மூளை முழுக்க ஒரே நேரத்தில் தொடங்குகிறவர்கள், பேச்சுக்கோ கை கால் அசைவுக்கோ தேவையான இடத்திலிருந்தே வலிப்பு கிளம்புகிறவர்கள், அறுவை சிகிச்சை செய்தும் வலிப்பு திரும்பியவர்கள், அதற்கு எந்த நிலையிலும் சம்மதிக்காதவர்கள். லெனாக்ஸ்-காஸ்டோ போன்ற கடுமையான குழந்தைப் பருவ வலிப்பில் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தைகளில், திடீரென்று மரம் மாதிரிச் சாய்ந்து விழுகிற வலிப்புதான் முக்கியத் தொல்லை என்றால், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தைத் துண்டிக்கும் கார்பஸ் கலோசோட்டமி அதிகம் உதவக்கூடும். கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோஜெனிக் உணவு முறையையும் அதற்கென்று பயிற்சி பெற்ற உணவியல் நிபுணரோடு முயன்று பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கருவி?

மூன்று இருக்கின்றன. வேகஸ் நரம்புத் தூண்டலைச் சொல்லியாயிற்று.

இரண்டாவது ஆழ்மூளைத் தூண்டல், டி.பி.எஸ். பார்க்கின்சன் நோய்க்கு வைப்பதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலிப்புக்கு வைக்கும்போது மூளையின் நடு ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தில், இருபுறமும் மின்முனை இறக்குவார்கள். 110 பேரிடம் நடத்தி 2010ல் வெளியான சான்டே ஆய்வில், யாருக்குக் கருவி ஓடுகிறது என்பதை மறைத்துச் சோதித்த காலத்தின் கடைசி மாதத்தில் கருவி ஓடியவர்களுக்கு வலிப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது. கருவி வைத்தும் ஓடாமல் இருந்தவர்களுக்கு 14.5 சதவீதம். மனச்சோர்வும் ஞாபகக் குறைவும் கருவி ஓடியவர்கள் பக்கம் அதிகம் பதிவாயின. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசவேண்டும்.

மூன்றாவது ஆர்.என்.எஸ்., வலிப்பைக் கண்டறிந்து பதில் கொடுக்கும் கருவி. மண்டையோட்டு எலும்பில் இடம் செதுக்கி வைத்து, வலிப்பு கிளம்பும் ஒன்றிரண்டு இடங்களுக்கு மின்முனை கொடுப்பார்கள். மூளை அலைகளை இடைவிடாமல் கவனித்து, வலிப்பின் தொடக்கம் தெரிந்ததும் அங்கேயே மின்துடிப்பு கொடுக்கும். 2013ல் அமெரிக்காவில் அனுமதியானது. ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்ததில் வலிப்பு நடுநிலை அளவாக (பாதிப் பேருக்கு இதைவிட அதிகம், பாதிப் பேருக்குக் குறைவு) 75 சதவீதம் குறைந்ததாக வந்தது. அருமையான கருவி. ஆனால் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே புழக்கத்தில் இருக்கிறது.

இந்த சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்க்காதீர்கள். ஒவ்வோர் ஆய்விலும் சேர்ந்த நோயாளிகள் வேறு, பார்த்த காலமும் வேறு. வலிப்பு கிளம்பும் இடம் எங்கே என்று தெரியாதவருக்கும், சின்னக் குழந்தைக்கும் வேகஸ் கருவிதான் வழக்கமாகக் கைகொடுப்பது.

நான்காம் படி: சம்மதக் கையெழுத்துக்கு முன்

தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வருகிறதா? வேகஸ் தூண்டல் அதை மோசமாக்கலாம். தூக்கச் சோதனை செய்துகொண்டு போங்கள். விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ள குழந்தையா? சாப்பாடு மூச்சுக்குழாய்க்குப் போகும் ஆபத்து கூடலாம். இதயத்துடிப்புக் கடத்தலில் கோளாறு, ஆஸ்துமா, முன்பு தொண்டையிலோ கழுத்திலோ ஆபரேஷன், இவை எல்லாவற்றையும் சொல்லுங்கள். இடது வேகஸ் நரம்பு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால் இந்தக் கருவி கிடையாது.

குரல்தான் தொழில் என்றால், அதாவது பாட்டுக்காரர், ஓதுவார், வகுப்பெடுக்கும் ஆசிரியர் என்றால், அதையும் தனியாகப் பேசுங்கள். காரணம் ஆறாம் படியில் வரும்.

பணம். கருவியின் விலை மட்டுமே பல லட்சம். சில வருடம் கழித்துப் பெட்டி மாற்றும்போது மறுபடியும் பெரிய தொகை வேண்டும். முதல் செலவை எப்படியோ புரட்டிவிட்டு, இரண்டாவதை யோசிக்காமல் விடுபவர்கள் உண்டு. தனியார் காப்பீடு இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசிகளில் கட்டாயம் சேர்க்கச் சொன்ன நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ஆழ்மூளைத் தூண்டல் பெயரோடு இருக்கிறது, வேகஸ் நரம்புத் தூண்டல் இல்லை. அதனால் ஏஜென்டின் வாய்வார்த்தையை நம்பாமல், இந்தச் சிகிச்சைக்கும் கருவிக்கும் எவ்வளவு தருவீர்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், கருவி சேருமா ஆபரேஷன் மட்டுமா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

கடைசியாக, கருவியின் அளவுகளை அமைக்கத் தெரிந்த மருத்துவர் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? முதல் சில மாதங்களில் அடிக்கடி போகவேண்டியிருக்கும். ஆபரேஷன் எங்கே நடக்கிறது என்பதைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: ஆபரேஷன்

முழு மயக்கத்தில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இடது கழுத்தில் தோல் மடிப்பை ஒட்டி ஒரு வெட்டு, இடது மார்பில் காறை எலும்புக்குக் கீழேயோ அக்குளை ஒட்டியோ இன்னொன்று. இடது பக்கத்தையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. வலது வேகஸ் இதயத்துடிப்பைத் தொடங்கி வைக்கும் மையத்துக்கு அதிகக் கிளை கொடுக்கிறது, அதைத் தூண்டினால் துடிப்பு குறையலாம்.

கம்பியின் நுனியில் சுருள் சுருளாக மூன்று மென்மையான வளையங்கள் இருக்கும். அறுவை மருத்துவர் கழுத்து ரத்தக்குழாய்களுக்கு நடுவில் இருக்கும் நரம்பை மெல்லப் பிரித்தெடுத்து, உருப்பெருக்கியில் பார்த்தபடி, இடுக்கியால் ஒவ்வொரு சுருளாக நரம்பைச் சுற்றிவிடுவார். இரண்டு சுருள் மின்முனை. மூன்றாவது கம்பி இழுபடாமல் பிடித்துக்கொள்ள. நரம்பு வீங்கினாலும் நெரிபடாதபடி சுருள் விரிந்து கொடுக்கும். அப்புறம் கம்பியைக் கழுத்திலிருந்து மார்புக்குத் தோலுக்கடியிலேயே கொண்டுவந்து பெட்டியோடு இணைத்து, மேசையிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் மிக அரிதாக இதயத்துடிப்பு மெதுவாகலாம். மயக்க மருத்துவர் அதைக் கவனித்தபடியே இருப்பார்.

பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். இரண்டு வாரம் கனம் தூக்காமல், கழுத்தை வெடுக்கென்று திருப்பாமல் இருக்கவேண்டும். நூற்றில் சில பேருக்குப் புண்ணில் தொற்று வரும். காயத்தைச் சுரண்டுகிற குழந்தையென்றால் அந்த இரண்டு வாரம் யாராவது கூடவே இருப்பது நல்லது. சிவப்பு, நீர்க் கசிவு, காய்ச்சல் தெரிந்தால் அன்றே காட்டுங்கள். தொற்று கருவிவரை போய்விட்டால் அதை எடுத்துவிட வேண்டிவரும்.

ஆறாம் படி: கருவியை ஓட்டத் தொடங்குவது

சிகிச்சை இங்கேதான் தொடங்குகிறது. ஆபரேஷன் முடிந்து சுமார் இரண்டு வாரம் கழித்து, புண் ஆறியதும் வரச்சொல்வார்கள். மருத்துவர் ஒரு சின்னக் கைக்கருவியைச் சட்டைக்கு மேலேயே மார்பில் வைப்பார். டேப்லெட் திரையில் உங்கள் கருவியின் விவரம் வரும். முதல் நாள் பெரும்பாலும் 0.25 மில்லி ஆம்பியரில் தொடங்குவார்கள். வழக்கமான அமைப்பு, 30 விநாடி தூண்டல், 5 நிமிடம் ஓய்வு. இரவும் பகலும் இப்படியே ஓடும், ஒரு நாளைக்கு சுமார் 260 தடவை.

முதல் தூண்டல் வரும்போது என்ன தெரியும்? தொண்டையில் ஒரு கூச்சம், சில பேருக்கு இருமல், பேசிக்கொண்டிருந்தால் குரல் அந்த அரை நிமிடம் கரகரத்துப் பிறகு தெளியும். குரல் நாணுக்குப் போகும் நரம்பு வேகஸின் கிளை என்பதால், மின்துடிப்பு அதற்கும் போய்விடுகிறது. பாட்டுக்காரர்களைத் தனியாகப் பேசச் சொன்னது இதற்காகத்தான். பலருக்கு வாரங்களில் பழகிவிடும். பழகாவிட்டால் துடிப்பின் அகலத்தையோ அதிர்வெண்ணையோ குறைத்தால் தணியும். "தாங்கிக்கொள்கிறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருமிக்கொண்டே இருக்காதீர்கள், மாற்ற வழி இருக்கிறது. படியேறும்போதோ ஓடும்போதோ மூச்சு வாங்கினாலும் சொல்லுங்கள்.

அதன்பிறகு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 0.25 வீதம் ஏற்றி, 1.5 மில்லி ஆம்பியர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே கொண்டுபோவார்கள். ஏற்றியவுடன் எழுந்து ஓடிவிடாமல் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்து, நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு தொடர் இருமல் வந்தால் திரும்பிவர ஒரு நாள் போய்விடும். 2017க்குப் பின் வந்த மாடல்களில், குறித்த தேதியில் கருவி தானாகவே அடுத்த படிக்கு ஏறும்படி அமைக்கலாம். தூரத்து ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வசதி. அது உங்கள் மாடலில் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

இதே இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கருவி வைத்தாயிற்று என்று முதல் இரண்டு தடவை போய்விட்டு நின்றுவிடுவார்கள். கருவி 0.5லேயே வருடக்கணக்கில் ஓடும். பலன் இல்லை என்று பேர் வரும். அடுத்த முறை போகும்போது "இப்போது எத்தனையில் இருக்கிறது?" என்று கேட்டு, தேதியோடு உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: காந்தம்

கருவியோடு இரண்டு காந்தம் தருவார்கள். கையில் வாட்ச் மாதிரிக் கட்டிக்கொள்ள ஒன்று, இடுப்பு பெல்ட்டில் மாட்ட ஒன்று. வலிப்பு வரப்போகிறது என்று சிலருக்கு முன்கூட்டியே தெரியும்: வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புகிற மாதிரி இருக்கும், விசித்திர வாசனை வரும். அந்த நேரத்தில் காந்தத்தைப் பெட்டியின் மேல் ஒரு விநாடி வைத்து விலக்கினால், கருவி கூடுதலாக ஒரு தூண்டல் கொடுக்கும். வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் நீளமாகவும் அது இருக்கும்படி அமைப்பார்கள். சிலருக்கு வலிப்பு அங்கேயே நிற்கும், சிலருக்குச் சீக்கிரம் முடியும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. நோயாளியால் முடியாதபோது பக்கத்தில் இருப்பவர் செய்யலாம்.

இதில் ஒரு நுணுக்கம். காந்தத்தைக் கொண்டுவந்து அப்படியே பெட்டிமேல் வைத்துக்கொண்டிருந்தால் நடப்பது நேர் எதிர்: வைத்திருக்கும்வரை கருவி நின்றுவிடும். பதற்றத்தில் அம்மாக்கள் காந்தத்தை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொள்வது உண்டு. வைத்து எடுக்கவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும், பள்ளியில் வகுப்பு ஆசிரியரும், அமைதியான ஒரு நாளில் செய்து பழகுங்கள். நிறுத்தும் குணமும் உதவும். தூண்டல் வலித்தாலோ இருமல் அடங்காமல் போனாலோ, காந்தத்தைப் பெட்டிமேல் வைத்து டேப்பால் ஒட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சாவியால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக முடியும் நேரத்தில் முடிகிறது. அந்தத் தவிப்புக்கு இனிமேல் காந்தம் இருக்கிறது. கருவி இருந்தாலும் முதலுதவி மாறாது: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், மருத்துவர் எழுதிக்கொடுத்த மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரேயை அடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

2015க்குப் பிறகு வந்த சில மாடல்கள் இதயத்துடிப்பையும் கவனிக்கின்றன. வலிப்பு வரும்போது பலருக்குத் துடிப்பு சட்டென்று எகிறும். அதைக் கண்டுபிடித்துக் கருவி தானே கூடுதல் தூண்டல் கொடுக்கும். தூக்கத்தில் வலிப்பு வருகிறவர்களுக்கும், முன்னறிகுறி தெரியாதவர்களுக்கும் இது உதவும்.

எட்டாம் படி: கருவியோடு வாழ்வது

குளிக்கலாம், வேலைக்குப் போகலாம், மிக்சி, மைக்ரோவேவ், மொபைல் எல்லாம் பயன்படுத்தலாம். பலமான காந்தம் உள்ள பெரிய ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட டேப்லெட் உறை இவற்றை மட்டும் மார்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். விமான நிலையத்தில் கருவி அட்டையை (கருவியின் விவரம் உள்ள அடையாள அட்டை) காட்டுங்கள். கதவு போன்ற சோதனை வாசலில் நிற்காமல் நடந்து போய்விடலாம்.

உண்மையான ஆபத்து ஒன்று நம் தெருமுனையிலேயே இருக்கிறது. கழுத்துவலி, முட்டிவலி என்று பிசியோதெரபிக்குப் போனால் ஷார்ட்வேவ் டயதெர்மியோ (ரேடியோ அலையால் உடலுக்குள் சூடு கொடுப்பது) அல்ட்ராசவுண்ட் ஒத்தடமோ வைப்பார்கள். கருவி இருப்பவருக்கு இவை கூடவே கூடாது, உடலின் எந்தப் பகுதியிலும். டயதெர்மியின் ஆற்றல் கம்பி வழியாகப் போய் நரம்பைச் சுடக்கூடும். முட்டியில்தானே என்று விட்டுவிடாதீர்கள். வயிற்று ஸ்கேன், கர்ப்ப ஸ்கேன் போன்ற பரிசோதனை அல்ட்ராசவுண்ட் வேறு, அதனால் பாதிப்பு இல்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும், நிபந்தனைகளோடு. எந்த மாடல், உடலின் எந்தப் பகுதி, எந்த வகை இயந்திரம் என்பதைப் பொறுத்து அது மாறும். எடுக்கும் முன் கருவியின் மின்னோட்டத்தைப் பூஜ்யம் ஆக்கவேண்டும், காந்த அமைப்பையும் அணைக்கவேண்டும். அவசரத்தில் மறப்பது அதற்கு அடுத்த வேலையை: ஸ்கேன் முடிந்ததும் திரும்ப ஓடவிடுவது. "ஆன் பண்ணியாச்சா?" என்று கேட்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்கவேண்டாம். நன்றாக இருக்கிறது என்று தோன்றும் மாதத்தில்தான் இந்த ஆசை வரும். வலிப்பு குறைந்து நிலையாக நின்ற பிறகு, மருத்துவரே ஒரு மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம். மூன்று நான்கு மருந்தில் எப்போதும் தூங்கி வழிந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அது ஒன்றே பெரிய மாற்றமாக அமையலாம்.

ஒன்பதாம் படி: பலனை எப்படி அளப்பது?

ஆபரேஷனுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே வலிப்பு டைரி எழுதத் தொடங்குங்கள். தேதி, நேரம், எந்த வகை, எத்தனை நிமிடம், தெளிய எவ்வளவு நேரம், காயம் பட்டதா, காந்தம் வைத்தீர்களா. முடிந்தபோது மொபைலில் வீடியோ. முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பிறகு குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ன எதிர்பார்க்கலாம்? 1998ல் வந்த முக்கிய ஆய்வில், மூன்று மாதத்தில் வழக்கமான அளவு தூண்டல் பெற்றவர்களுக்கு வலிப்பு சராசரியாக 28 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்காகக் குறைவான தூண்டல் பெற்றவர்களுக்கு 15 சதவீதம். மூன்று மாதக் கணக்கு இப்படிச் சுமாராகத்தான் இருக்கும். 5,554 நோயாளிகளின் பதிவேட்டை அலசி 2016ல் வெளியிட்டதில், இரண்டு முதல் நான்கு வருடத்தில் 63 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருந்தது. முழுசாக நின்றவர்கள் சுமார் 8 சதவீதம். மருத்துவர்கள் தாமாக முன்வந்து பதிந்த கணக்கு என்பதால் கொஞ்சம் நல்ல பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆனாலும் காலம் போகப் போகப் பலன் கூடுகிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

எண்ணிக்கையில் அடங்காததையும் எழுதுங்கள். மாதம் பத்து வலிப்பு எட்டாகக் குறைந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கீழே விழுந்து தலை உடைகிற வலிப்பு போய், நின்ற இடத்திலேயே சில விநாடி வெறித்துப் பார்ப்பதோடு முடிந்தால் அந்த வீட்டின் நாளே மாறிவிடும். வலிப்பு முடிந்து அரைநாள் தூங்கியவர் பத்து நிமிடத்தில் எழுந்து காபி கேட்பதும் பலன்தான். மனநிலையும் விழிப்பும் மேம்பட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. இதே சிகிச்சையை மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கும் அமெரிக்கா 2005ல் அனுமதித்தது.

பத்தாம் படி: பெட்டி மாற்றுவதும், எடுத்துவிடுவதும்

பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்பது மாடலையும் ஓடும் அளவையும் பொறுத்தது. சில வருடங்களில் தீரலாம், சிலருக்கு எட்டு வருடத்தையும் தாண்டும். ஒவ்வொரு முறையும் டேப்லெட் திரையில் பேட்டரி நிலை தெரியும், கேளுங்கள். முழுசாகத் தீரும்வரை விட்டால், அடங்கியிருந்த வலிப்பு கூடிவிடலாம், அப்போது பணத்துக்கும் தேதிக்கும் அலைய நேரம் இருக்காது. மாற்றும் ஆபரேஷன் சிறியது. மார்பு வெட்டைத் திறந்து பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், கழுத்துக் கம்பியைத் தொடுவதில்லை. கம்பி முறிந்தால்தான் கழுத்தைத் திறக்கவேண்டிவரும். அதுவரை கரகரத்த குரல் திடீரென்று கரகரப்பே இல்லாமல் தெளிந்துவிட்டால், அல்லது கழுத்தில் சுருக்கென்று வலித்தால், கம்பியையும் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

போதிய அளவுக்கு ஏற்றி, இரண்டு வருடம் பொறுத்தும் டைரியில் எந்த மாற்றமும் இல்லை என்றால், நிறுத்திவிடலாம். முதலில் கருவியை அணைத்துச் சில மாதம் பார்ப்பார்கள். சில பேருக்கு அப்போதுதான் வலிப்பு கூடி, கருவி செய்துகொண்டிருந்த வேலை வெளியே தெரியும். எந்த வித்தியாசமும் இல்லையென்றால் பெட்டியை எடுத்துவிடலாம். நரம்பைச் சுற்றியுள்ள சுருள்கள் தழும்போடு ஒட்டிப்போயிருக்கும் என்பதால், அவற்றையும் கம்பியில் ஒரு சின்னத் துண்டையும் பல நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தத் துண்டு உள்ளே இருக்கும்வரை டயதெர்மிக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் மேலே சொன்ன எச்சரிக்கை தொடரும். ஆகவே கருவி அட்டையைத் தூக்கிப் போடாமல், எவ்வளவு நீளக் கம்பி உள்ளே இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, இரண்டையும் சேர்த்து வையுங்கள்.